சி மொழியில் பொருள்நோக்கு முறை: ஓர் உணரி நிரலைக் கொண்டு ஒரு செய்முறை

இனக்குழு (கிளாஸ்) என்ற சொல்லே இல்லாத சி மொழியில் பொருள்நோக்கு (ஆப்ஜெக்ட் ஓரியன்டட்) நிரலாக்கத்தின் கருத்துகளைக் கையாள முடியுமா என்று கேட்பவர்களுக்கு, முடியும் என்பதே என் விடை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் கேட்டவருக்குப் பயன் இல்லை. எந்தக் கருத்தை மொழியின் எந்த வசதியைக் கொண்டு கையாள்வது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது ஆகிய மூன்றும் தெரிந்தால்தான் அந்த விடை வேலைக்கு உதவும். அவற்றை ஒரே எடுத்துக்காட்டை வைத்துப் படிப்படியாகக் காட்டுவதற்காக இதை எழுதுகிறேன். படிப்பவருக்குக் கட்டுரு (ஸ்ட்ரக்ட்), சுட்டு (பாயின்டர்), தலைப்புக் கோப்பு ஆகிய மூன்றும் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முடியும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இனக்குழு, பொருள் ஆகிய கருத்துகள் நார்வே கணினி மையத்தில் ஒலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நீகோரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் வடிவம் பெற்றன. பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் அந்தக் கருத்துகளைச் சி மொழியோடு சேர்க்கத் தொடங்கினார். அந்த முயற்சி 1983இல் சி++ என்ற பெயரைப் பெற்றது. அவர் எழுதிய சிஃப்ரண்ட் என்ற நிரல்பெயர்ப்பி (கம்பைலர்), சி++ நிரலை நேரடியாக இயந்திர மொழிக்கு மாற்றவில்லை. அதைச் சாதாரணச் சி நிரலாக மாற்றி, மீதி வேலையைச் சி நிரல்பெயர்ப்பியிடம் ஒப்படைத்தது. இனக்குழு கட்டுருவாக மாறியது, உறுப்புச் செயற்கூறு (ஃபங்ஷன்) முதல் அளபுருவாகப் (பராமீட்டர்) பொருளின் முகவரியைப் பெறும் சாதாரணச் செயற்கூறாக மாறியது, பொருளின் வகைக்கு ஏற்ப ஓடும் நேரத்தில் தேர்வாகும் மெய்நிகர் செயற்கூறு ஒரு சுட்டு அட்டவணையாக மாறியது. ஒரு நிரல் தானாகச் செய்த அந்த மாற்றத்தை மனிதர் கையால் எழுதுவதற்கு மொழி எந்தத் தடையும் போடுவதில்லை. கையால் எழுதும்போது கிடைக்காமல் போவது நிரல்பெயர்ப்பியின் கண்காணிப்பு மட்டுமே, அந்த இழப்பு சிறியதன்று என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளும் நிரல்

ஒரு குளிர்பதனக் கிடங்கின் அறைகளில் வெப்பநிலையை அளந்து, திரையில் காட்டி, வரம்பு மீறினால் மணி அடிக்கும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். சில அறைகளில் தெர்மிஸ்டர் இருக்கிறது. அது வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் எளிய பொருள், அதன் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றி, அந்த எண்ணை ஓர் அட்டவணையில் பார்த்து வெப்பநிலையைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு சில அறைகளில் டிஎஸ்18பி20 என்ற இலக்கமுறை உணரி இருக்கிறது. ஒற்றைக் கம்பியில் பல உணரிகளை இணைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் 64 பிட் அடையாள எண் உண்டு. அதனிடம் முதலில் அளக்கச் சொல்லிவிட்டு, 12 பிட் துல்லியத்தில் 750 மில்லிநொடி வரை காத்திருந்து, பிறகுதான் விடையைக் கேட்க வேண்டும். விடை ஒரு டிகிரியின் பதினாறில் ஒரு பங்கு என்ற அலகில் வருகிறது.

இந்த நிரலைச் செயல்முறைப் பாணியில் எழுதுகிறவர்கள் வழக்கமாக உணரியின் வகையை ஓர் எண்ணாக வைத்து, அளவிடும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், அளவுத்திருத்தம் செய்யும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், பழுது பார்க்கும் இடத்தில் ஒரு ஸ்விட்ச், பதிவேட்டில் எழுதும் இடத்தில் ஒரு ஸ்விட்ச் என்று எழுதுவார்கள். இரண்டு வகை உணரிகள் இருக்கும்வரை அதில் குறை ஒன்றும் தெரியாது. மூன்றாவது வகை வரும்போது நான்கு கோப்புகளைத் திறந்து நான்கு இடங்களில் ஒரு கேஸ் வரியைச் சேர்க்க வேண்டும். ஒன்றை மறந்தால் டிஃபால்ட் பகுதி சுழியம் என்று திருப்பி அனுப்பும், திரையும் அதைச் சுழியம் டிகிரி என்று நம்பிக் காட்டும். பொருள்நோக்கு முறையின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

முதற்படி: தரவை ஒரே கட்டுருவில் சேர்த்தல்

முதலில், ஓர் உணரிக்கு உரிய எல்லாத் தரவையும் ஒரே கட்டுருவுக்குள் கொண்டுவாருங்கள். அறை எண்களை ஓர் அணியிலும், கடைசி அளவுகளை இன்னோர் அணியிலும், கேட்ட நேரங்களை மூன்றாவது அணியிலும் உலகளாவிய மாறிகளாக வைத்திருந்தால், அவை ஒன்றோடொன்று பொருந்தி இருக்கின்றனவா என்பதை எந்தச் செயற்கூறாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டுரு அமைந்தபின், அந்த உணரியைத் தொடும் ஒவ்வொரு செயற்கூறும் முதல் அளபுருவாக அந்தக் கட்டுருவின் முகவரியைப் பெறட்டும். சி++ மொழியில் கண்ணுக்குத் தெரியாமல் வரும் திஸ் சுட்டு, இங்கே வெளிப்படையாக எழுதப்படுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு.

பெயர் வைப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். சி மொழியில் பெயர்வெளி கிடையாது என்பதால், உணரி_தொடங்கு, உணரி_அளவிடு, உணரி_நிறுத்து என்று எல்லாப் பெயர்களுக்கும் ஒரே முன்னொட்டு கொடுங்கள். அந்தக் கோப்புக்குள் மட்டும் பயன்படும் துணைச் செயற்கூறுகளுக்கு ஸ்டாட்டிக் என்று எழுதிவிட்டால், அவை வேறு கோப்புகளிலிருந்து பெயரால் அழைக்க முடியாதவையாகின்றன. பலர் இந்த ஒற்றைச் சொல்லைப் பொருட்படுத்துவதில்லை. சி மொழியில் தனியுரிமைக்கு இருக்கும் மிகத் தெளிவான ஏற்பாடு இதுதான் என்பதால், வெளியே தேவைப்படாத ஒவ்வொரு செயற்கூறுக்கும் இதை எழுதும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: உள்ளமைப்பை மறைத்தல்

உறைபொதியாக்கம் என்று பாடநூல்கள் சொல்லும் கருத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன: தரவையும் செயற்கூறுகளையும் ஒன்றாக வைப்பது ஒன்று, தரவை வெளியார் தொடாமல் காப்பது மற்றொன்று. முதற்படியில் முதல் பகுதி முடிந்துவிட்டது. இரண்டாவதற்குச் சி மொழியில் இருக்கும் வழி, முழுமையடையாத வகை. தலைப்புக் கோப்பில் ஸ்ட்ரக்ட் உணரி என்ற பெயரை மட்டும் அறிவித்துவிட்டு, அதன் உறுப்புகளை அங்கே எழுதாமல் விடுங்கள். அந்தத் தலைப்புக் கோப்பைச் சேர்த்துக்கொள்ளும் மற்ற கோப்புகள் உணரியைச் சுட்டும் சுட்டுகளை வைத்துக்கொள்ளலாம், உங்கள் செயற்கூறுகளுக்கு அனுப்பலாம். ஆனால் அதன் உறுப்பு ஒன்றைத் தொட முயன்றால் நிரல்பெயர்ப்பி அங்கேயே பிழை சொல்லி நிறுத்திவிடும்.

இது உங்களுக்குப் புதியதாகத் தோன்றினாலும் நீங்கள் சி கற்ற முதல் மாதத்திலேயே இதைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். எஃப்ஓப்பன் திருப்பித் தரும் ஃபைல் சுட்டை வாங்கி எஃப்ரீடுக்கும் எஃப்குளோசுக்கும் கொடுக்கிறோமே தவிர, அந்தக் கட்டுருவின் உள்ளே என்னென்ன உறுப்புகள் உள்ளன என்று நாம் பார்ப்பதில்லை. சி மொழியின் தரநிலையும் அவற்றைச் சொல்வதில்லை. ஒரே நிரல் வெவ்வேறு இயக்குதளங்களில் மாற்றமின்றி ஓடுவதற்கு அந்த மறைப்பும் ஒரு காரணம். தகவலை மறைத்து வைக்கும் வகையில் நிரலைப் பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்று டேவிட் பார்னஸ் 1972இலேயே எழுதிவிட்டார், ஆகையால் இந்தக் கருத்து பொருள்நோக்கு மொழிகளுக்கு மட்டும் உரிய சொத்தன்று.

மறைப்பின் அருமையை நான் கற்றுக்கொண்டது இதே உணரியிடம்தான். டிஎஸ்18பி20 மின்சாரம் பெற்ற உடனே, இன்னும் ஒரு முறைகூட அளக்காத நிலையில், அதன் பதிவகத்தில் 1360 என்ற எண் இருக்கும். பதினாறால் வகுத்தால் 85 டிகிரி. அளக்கச் சொல்லாமலோ, அளந்து முடிப்பதற்கு முன்போ படித்தால் அந்த 85தான் வரும். என் அளவிடும் செயற்கூறு அதைக் கவனித்து ஒதுக்கிவிடும்படி எழுதப்பட்டிருந்தது. ஆனால் கட்டுருவின் உறுப்புகளைத் தலைப்புக் கோப்பிலேயே திறந்து வைத்திருந்தேன். திரைப் பகுதியை எழுதிய நண்பர், செயற்கூறை அழைத்தால் தாமதமாகிறது என்று கருதி, கட்டுருவில் இருந்த கச்சா எண்ணை நேரடியாக எடுத்துக் காட்டிவிட்டார். பல வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. ஓர் இரவு மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்து உணரி மறுபடி தொடங்கியது. கழித்தல் 18 டிகிரியில் இருந்த அறைக்கு 85 டிகிரி என்று திரை காட்டி, மணியும் அடித்து, காவலர் அறையைத் திறந்து பார்க்கும்படி ஆயிற்று. நண்பர்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் கதவைத் திறந்து வைத்தவன் நான். மறுநாள் கட்டுருவின் வரையறையைத் தலைப்புக் கோப்பிலிருந்து எடுத்துச் சி கோப்புக்குள் வைத்தபோது, நிரல்பெயர்ப்பி நான் அறியாத மேலும் இரண்டு இடங்களில் பிழை காட்டியது. அவையும் அதே எண்ணை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தவை.

மறைப்புக்கு ஒரு விலை உண்டு. கட்டுருவின் அளவு வெளியே தெரியாது என்பதால், மற்ற கோப்புகள் அதை ஓர் உள்ளக மாறியாக அறிவிக்க முடியாது. உருவாக்கித் தரும் பொறுப்பு உங்களுடையதாகிறது. மேசைக் கணினியில் மல்லாக் அழைத்து நினைவகம் வாங்கலாம். சிறு நுண்கட்டுப்படுத்திகளில் மல்லாக் பயன்படுத்துவதைப் பலர் தவிர்க்கிறார்கள், அதற்கு நியாயமான காரணங்களும் உள்ளன. அங்கே உங்கள் சி கோப்புக்குள்ளேயே, எடுத்துக்காட்டாக 20 உணரிகளுக்கு இடம் உள்ள ஒரு ஸ்டாட்டிக் அணியை வைத்து, உருவாக்கும் செயற்கூறு அதிலிருந்து காலியான ஓர் இடத்தின் முகவரியைத் தரட்டும், இடம் தீர்ந்தால் எதையும் சுட்டாத நல் (NULL) சுட்டைத் தரட்டும். எத்தனை உணரிகள் இருக்கலாம் என்ற வரம்பு இதனால் வெளிப்படையாகிவிடுகிறது. இப்படிப்பட்ட கருவிகளில் அது நல்லதே.

மூன்றாம் படி: செயல்களின் அட்டவணை

பல்லுருவாக்கமே இந்த முறையின் உயிர்நாடி. அளவிடு என்று ஒரே வகையில் அழைத்தாலும், தெர்மிஸ்டருக்கு அதன் செயற்கூறும், டிஎஸ் உணரிக்கு அதன் செயற்கூறும் ஓட வேண்டும். அழைப்பவருக்கு எது ஓடுகிறது என்பது தெரிய வேண்டியதில்லை. இதற்குச் சி மொழியில் உள்ள வசதி, ஃபங்ஷன் பாயின்டர் என்று நாம் பேச்சில் சொல்லும் செயற்கூறுச் சுட்டு. குறிச்சொற்களையும் தமிழ் எழுத்திலேயே கொடுத்து அமைப்பைக் கீழே காட்டுகிறேன்.

ஸ்ட்ரக்ட் உணரி_செயல்கள் {
    இன்ட் (*தொடங்கு)(ஸ்ட்ரக்ட் உணரி *உ);
    இன்ட் (*அளவிடு)(ஸ்ட்ரக்ட் உணரி *உ, லாங் *மில்லி);
    வாய்ட் (*நிறுத்து)(ஸ்ட்ரக்ட் உணரி *உ);
};

ஸ்ட்ரக்ட் உணரி {
    கான்ஸ்ட் ஸ்ட்ரக்ட் உணரி_செயல்கள் *செயல்கள்;
    கான்ஸ்ட் சார் *அறை;
};

அளவிடு என்பது வெற்றி பெற்றால் சுழியத்தையும் தோற்றால் எதிர்ம எண்ணையும் திருப்பி அனுப்புகிறது. வெப்பநிலை, டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அலகில் இரண்டாவது அளபுருவின் வழியே வருகிறது. வெப்பநிலையையே திருப்பு மதிப்பாக வைத்தால், பிழையைக் குறிக்க எந்த எண்ணை ஒதுக்குவது என்ற சிக்கல் வந்து, மேலே சொன்ன 85 போன்ற இன்னொரு பொய் எண்ணை நாமே உருவாக்கிவிடுவோம்.

செயற்கூறுச் சுட்டுகளைக் கட்டுருவுக்குள் நேரடியாகப் போடாமல் தனி அட்டவணையில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். 32 பிட் சில்லில் ஒரு சுட்டுக்கு 4 பைட்டு. மூன்று செயல்களை ஒவ்வொரு உணரிக்குள்ளும் வைத்தால் 20 உணரிகளுக்கு 240 பைட்டு போகும். அட்டவணையின் முகவரியை மட்டும் வைத்தால் 80 பைட்டுதான், அட்டவணை வகைக்கு ஒன்றாக 12 பைட்டில் அடங்கும். அதைக் கான்ஸ்ட் என்று அறிவித்தால் ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம் வகைச் சில்லுகளில் அது பொதுவாக ஃபிளாஷ் நினைவகத்திலேயே தங்கும், ஓடும் நேரத்தில் வேறு வரி அதன்மேல் தவறுதலாக எழுதிச் சிதைக்கவும் வாய்ப்பில்லை. சி++ நிரல்பெயர்ப்பிகள் மெய்நிகர் செயற்கூறுகளுக்கு உருவாக்கும் அட்டவணையும் பெரும்பாலும் இதே அமைப்பில்தான் இருக்கிறது.

அடுத்து, அட்டவணையை வெளியார் நேரடியாகத் தொட விடாதீர்கள். உணரி_அளவிடு என்ற ஒரு சாதாரணச் செயற்கூறை எழுதி, அது உணரியின் சுட்டும் அட்டவணையின் சுட்டும் நல் அல்ல என்பதைச் சரிபார்த்து, அட்டவணையில் உரிய செயல் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பிறகு அதை அழைக்கட்டும். சி99 தரநிலை முதல், அட்டவணையை நிரப்பும்போது உறுப்பின் பெயரைச் சொல்லியே மதிப்பு கொடுக்கலாம். பெயர் சொல்லாத உறுப்புகள் நல் சுட்டாகிவிடும். அந்த வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். வரிசையை மட்டும் நம்பி நிரப்பினால், பின்னாளில் நடுவில் ஒரு செயலைச் சேர்க்கும்போது ஒரே வடிவமுள்ள இரண்டு செயற்கூறுகள் இடம் மாறிப்போகலாம், நிரல்பெயர்ப்பிக்கு அது தெரியவே தெரியாது.

இந்த முறை பெரிய அளவில் நிற்குமா என்று ஐயப்படுகிறவர்கள் லினக்ஸ் கருவகத்தை (கெர்னல்) பார்க்கலாம். அங்கே ஃபைல்_ஆப்பரேஷன்ஸ் என்ற கட்டுருவில் ஓப்பன், ரீடு, ரைட், எம்மேப், ரிலீஸ் முதலான செயற்கூறுச் சுட்டுகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு சாதன இயக்கியும் கோப்பு முறைமையும் தனக்குத் தேவையானவற்றை மட்டும் நிரப்பிப் பதிவு செய்துகொள்கிறது. பயனர் நிரல் ரீடு என்று அழைக்கும்போது, அது வட்டில் உள்ள கோப்பா, தொடர்முனையா, கருவகமே அந்தக் கணத்தில் எழுதித் தரும் ப்ராக் கோப்பா என்பது பயனர் நிரலுக்குத் தெரிவதில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்த மாபெரும் நிரல் இந்த அமைப்பைப் பெரும்பாலும் சி மொழியிலேயே தாங்கி நிற்கிறது.

நான்காம் படி: ஒன்றுக்குள் ஒன்றை வைத்தல்

டிஎஸ் உணரிக்கு அடையாள எண்ணும், அளக்கச் சொன்ன நேரமும் கூடுதலாகத் தேவை. தெர்மிஸ்டருக்கு அவை வேண்டாம், அதற்கு வேறு சில வேண்டும். பொது உறுப்புகளை வைத்துக்கொண்டு மேலும் சிலவற்றைச் சேர்ப்பதுதானே மரபுரிமம்? சி மொழியில் அதைப் பின்வருமாறு எழுதுகிறோம்.

ஸ்ட்ரக்ட் டிஎஸ்_உணரி {
    ஸ்ட்ரக்ட் உணரி அடிப்படை;
    அன்சைன்ட் சார் முகவரி[8];
    அன்சைன்ட் லாங் கேட்ட_நேரம்;
};

அடிப்படைக் கட்டுரு முதல் உறுப்பாக இருப்பதில் பொருள் இருக்கிறது. ஒரு கட்டுருவின் முகவரியைத் தக்கபடி வகை மாற்றினால் அது அதன் முதல் உறுப்பின் முகவரியாகும், முதல் உறுப்பின் முகவரியை மாற்றினால் கட்டுருவின் முகவரியாகும் என்று சி தரநிலையே உறுதி அளிக்கிறது. ஆகவே வெளியே இருப்பவர்களுக்கு அடிப்படையின் முகவரியைக் கொடுக்கலாம். அந்த முகவரி டிஎஸ் உணரியின் அளவிடும் செயற்கூறுக்குள் வந்ததும், அதை டிஎஸ்_உணரி சுட்டாக மாற்றி எல்லா உறுப்புகளையும் அடையலாம். இதற்கு அடிப்படைக் கட்டுருவின் வரையறை, புதிய உணரிகளை எழுதுகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அதனால் தலைப்புக் கோப்பை இரண்டாக்கிக்கொள்ளுங்கள்: எல்லாரும் சேர்க்கும் கோப்பில் பெயரும் செயற்கூறுகளும் மட்டும், உணரி எழுதுகிறவர்கள் மட்டும் சேர்க்கும் கோப்பில் கட்டுருவும் அட்டவணையும்.

எஸ்க்யூலைட் தரவுத்தளம் இதை மிகத் தூய்மையாகச் செய்திருக்கிறது. அதன் கோப்புக் கட்டுருவின் முதல் உறுப்பு செயல் அட்டவணையின் முகவரி. ஒவ்வோர் இயக்குதளத்துக்கும் எழுதப்படும் அடுக்கு, அந்தக் கட்டுருவை முன்னால் வைத்துத் தன் உறுப்புகளைப் பின்னால் சேர்த்துக்கொள்கிறது. மொத்தம் எத்தனை பைட்டு வேண்டும் என்பதையும் அந்த அடுக்கே ஓர் எண்ணாக அறிவித்துவிடுகிறது. பைத்தான் மொழியின் முதன்மைச் செயலாக்கமும் சி மொழியில் எழுதப்பட்டதுதான். அதன் வழக்கமான கட்டமைப்பில் ஒவ்வொரு பொருளும், தன்னை எத்தனை இடங்கள் சுட்டுகின்றன என்ற மேற்கோள் எண்ணிக்கையோடும் வகைச் சுட்டோடும் தொடங்குகிறது. பொருள்நோக்கு மொழி ஒன்றின் அடித்தளமே செயல்முறை மொழியில் கையால் கட்டிய பொருள்நோக்கு அமைப்பு என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

அடிப்படை முதல் உறுப்பாக இருக்க முடியாதபோது என்ன செய்வது? ஒரே பொருள் இரண்டு பட்டியல்களில் உறுப்பாக இருக்க வேண்டும் என்றால், அந்தப் பட்டியல்களுக்கான இணைப்பு உறுப்புகள் இரண்டும் முதலிடத்தில் இருக்க இயலாது. உறுப்பின் முகவரியிலிருந்து அது கட்டுருவில் எத்தனை பைட்டு தள்ளி இருக்கிறதோ அவ்வளவைக் கழித்தால் கட்டுருவின் தொடக்கம் கிடைக்கும். அந்தத் தொலைவை ஆஃப்செட்ஆஃப் என்ற மேக்ரோ தருகிறது. லினக்ஸ் கருவகத்தில் கன்டெய்னர்_ஆஃப் என்ற மேக்ரோ இந்தக் கழித்தலைத்தான் செய்கிறது. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஒரு கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் ஐநோடு கட்டுரு, பொது ஐநோடு கட்டுருவைத் தன் நடுவில் வைத்திருக்கிறது; அதன் முகவரியிலிருந்து முழுக் கட்டுருவின் முகவரியை அடைவதும் இவ்வழியிலேயே.

இந்தப் படியில்தான் நிரல்பெயர்ப்பியின் கண்காணிப்பை இழக்கிறோம். வகை மாற்றம் என்பது நிரல்பெயர்ப்பியிடம் 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்வதற்குச் சமம். தெர்மிஸ்டரின் முகவரியைத் தவறுதலாக டிஎஸ் உணரியின் செயற்கூறுக்குக் கொடுத்தால், அது எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தெர்மிஸ்டரின் உறுப்புகளை அடையாள எண்ணாக எண்ணிப் படிக்கும். இதைத் தடுக்க எளிய வழி ஒன்று உண்டு. வகை மாற்றத்தை ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு ஸ்டாட்டிக் செயற்கூறில் மட்டும் செய்யுங்கள். அந்தச் செயற்கூறு மாற்றுவதற்கு முன், வந்த உணரியின் அட்டவணை முகவரி தன் அட்டவணையின் முகவரிதானா என்று அசர்ட் மூலம் சரிபார்க்கட்டும். அட்டவணையின் முகவரி வகைக்கு ஒன்றுதான் என்பதால், அதுவே வகையின் அடையாள அட்டையாகப் பயன்படுகிறது.

ஆக்கமும் அழிப்பும்

ஆக்கியும் அழிப்பியும் சி மொழியில் தாமாக ஓடாது. உருவாக்கும் செயற்கூறில் முதலில் கட்டுரு முழுவதையும் சுழியமாக்கி, அடிப்படையைத் தொடங்கி, பிறகு தன் உறுப்புகளை நிரப்பி, கடைசியாகத்தான் அட்டவணையின் முகவரியை வையுங்கள். பாதி உருவான உணரியை எவரும் அழைத்துவிட முடியாதபடி இந்த வரிசை காக்கும். இடையில் ஏதாவது தோற்றால், அதுவரை பெற்றவற்றைப் பெற்ற வரிசைக்கு எதிர் வரிசையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோட்டூ கூடாது என்று வகுப்பில் படித்திருப்போம். ஆனால் செயற்கூறின் கடைசியில் விடுவிக்கும் வரிகளைத் தலைகீழ் வரிசையில் எழுதி, தோல்வி நேர்ந்த இடத்துக்கு ஏற்ற வரிக்குக் கோட்டூ கொண்டு தாவுவது லினக்ஸ் கருவகம் முழுவதும் பின்பற்றப்படும் முறை. நானும் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறேன்.

அட்டவணை அமைந்துவிட்டால் சோதனைக்கு ஒரு பெரும் வசதி கிடைக்கிறது. எந்தக் கம்பியும் இல்லாத ஒரு பொய் உணரியை எழுதுங்கள். அளவிடு என்று அழைக்கும்போது ஓர் அணியிலிருந்து அடுத்த எண்ணை எடுத்துத் தருவதும், வேண்டிய இடத்தில் பிழை என்று சொல்வதும் மட்டுமே அதன் வேலை. மணி அடிக்கும் பகுதி அதை உண்மையான உணரி என்றே நம்பும். கழித்தல் 18, கழித்தல் 18, பிழை, 85 என்று வரிசையாகக் கொடுத்து மணி எப்போது அடிக்கிறது என்று மேசைக் கணினியிலேயே பார்த்துவிடலாம். குளிர் அறைக்குள் போய் நிற்க வேண்டியதில்லை.

மற்ற செயல்முறை மொழிகளில்

சி மொழிக்குக் கிடைத்த இந்த வசதி எல்லாச் செயல்முறை மொழிகளுக்கும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோர்ட்ரான் 77 தரநிலையில் கட்டுரு வகையே கிடையாது. ஒரு துணைநிரலை இன்னொன்றுக்கு அளபுருவாகக் கொடுக்கலாமே தவிர, அதன் முகவரியை ஒரு மாறியில் சேமித்து வைக்க முடியாது. அங்கே முதற்படியே தடுமாறும். ஃபோர்ட்ரான் 90இல் வருவிக்கப்பட்ட வகைகளும் மாட்யூல்களும் வந்ததால் முதலிரண்டு படிகள் எளிதாயின. ஃபோர்ட்ரான் 2003 மொழிக்குள்ளேயே மரபுரிமத்தைக் கொண்டுவந்துவிட்டது. கோபால் மொழியில் அழைக்க வேண்டிய நிரலின் பெயரை ஒரு மாறியில் வைத்துக் கால் (CALL) என்ற அழைப்புக் கட்டளை கொடுக்கலாம் என்பதால், அட்டவணை முறையின் ஒரு வடிவம் அங்கே கிடைக்கிறது. பாஸ்கல் பயன்படுத்தியவர்களுக்கு 1989இல் வந்த டர்போ பாஸ்கல் 5.5 பொருள்களை மொழியிலேயே கொடுத்தது.

எங்கே நிறுத்துவது

பாதை தெரிந்தவுடன் எல்லாவற்றையும் பொருளாக்க வேண்டும் என்ற ஆசை வரும். ஒரே ஒரு செயலாக்கம் மட்டுமே உள்ள பகுதிக்கு அட்டவணை வைக்காதீர்கள்; படிப்பவர் ஒரு செயற்கூறைத் தேடிப் போகும்போது சுட்டு ஒன்றில் முட்டி நின்று, அது எங்கே நிரப்பப்பட்டது என்று கோப்பு கோப்பாகத் தேட நேரிடும். நொடிக்குப் பல இலட்சம் முறை ஓடும் உள்வளையத்தில் அட்டவணை வழியாக அழைப்பது, நிரல்பெயர்ப்பி அந்தச் செயற்கூறை உள்ளிணைத்து வேகமாக்கும் வாய்ப்பைப் பறித்துவிடும். மரபுரிமத்தில் ஓர் அடுக்குக்கு மேல் போவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். இரண்டாவது அடுக்கிலேயே வகை மாற்றங்கள் பெருகத் தொடங்கிவிடும். மேக்ரோக்களைக் கொண்டு இனக்குழு, மரபுரிமம், விதிவிலக்கு எல்லாவற்றையும் உருவாக்கிச் சி மொழியை வேறொரு மொழியாக்க முயலும் நிரல்களையும் பார்த்திருக்கிறேன், அவற்றில் ஒரு பிழை வந்தால் நிரல்பெயர்ப்பி காட்டும் செய்தி எவருக்கும் புரிவதில்லை. அந்த அளவு தேவைப்பட்டால் நோம் திட்டத்தின் ஜிஆப்ஜெக்ட் போன்ற முதிர்ந்த நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது சி++ மொழிக்கே போய்விடுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலில் இதைக் கொண்டுவர விரும்புகிறவர்கள் நான்கு படிகளையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒரே வகை எண்ணைப் பார்த்துக் கிளை பிரியும் ஸ்விட்ச் எங்கெங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். அதிக இடங்களில் திரும்பத் திரும்ப வருவதை எடுத்து, அதன் தரவை மட்டும் ஒரு கட்டுருவாக்கி நிரலை ஓடவிடுங்கள். அடுத்து வரையறையைத் தலைப்புக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டு, பிழை காட்டும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு செயற்கூறு அழைப்பாக மாற்றுங்கள். ஸ்விட்சுகள் எல்லாம் இப்போது ஒரே கோப்புக்குள் வந்து சேர்ந்திருக்கும். அவற்றின் ஒவ்வொரு கேஸ் வரியையும் தனிச் செயற்கூறாகப் பிரித்து, வகைக்கு ஓர் அட்டவணை அமைத்து, ஸ்விட்சை நீக்கிவிடலாம். பிறகு மூன்றாவது வகை உணரி வரும் நாளில் நீங்கள் எழுத வேண்டியது ஒரு புதிய சி கோப்பும், தொடக்க நிரலில் அதை உருவாக்கும் ஒற்றை வரியும் மட்டுமே. திரையும் மணியும் பதிவேடும் உள்ள கோப்புகளைத் திறக்கவே தேவையிருக்காது.